பெயர்ப்பலகையில் இல்லாத சொற்கள்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடப்பது போலவே வீட்டுப் பரணிலும் பாட்டியின் பேச்சிலும் கிடக்கிறது. இவை இரண்டும் எங்கே சந்திக்கும்? காஞ்சிபுரத்தை முன்வைத்து இக்கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பல ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றுக்கு என் தாயாரை அழைத்துச் சென்றேன். “உடைந்த சிலையைப் பார்க்க இவ்வளவு தூரமா?” என்று வழிநெடுக அலுத்துக்கொண்டே வந்தார். சிற்பக்கூடத்தை விரைவாகக் கடந்துவிட்டார். நாணயங்களை எட்டிப் பார்த்ததோடு சரி. புழங்குபொருள்கள் வைத்திருந்த கண்ணாடிப் பேழையின் முன் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே நீண்ட மரப்பிடியும் அடர்ந்த நாரும் கொண்ட கருவி ஒன்று இருந்தது. ‘தூரிகை’ என்று மட்டும் பெயர்ப்பலகையில் எழுதியிருந்தார்கள்.

“இது தூரிகை இல்லப்பா, பாவாற்றி. உங்க தாத்தா கையில இருந்தது இதைவிட நீளம்” என்றார்.

பிறகு அவர் பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறுவதற்கு முன் பாவு முழுவதையும் தெருவில் நீட்டிக் கட்டுவார்களாம். அரிசிக் கஞ்சி தெளித்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி இரு பக்கமும் ஆள் நின்று பாவாற்றியால் நீவிக்கொண்டே போவார்களாம். வானம் கறுத்துவிட்டால் எவர் வீட்டுப் பாவு என்று பாராமல் தெருவே ஓடிவந்து சுருட்டுமாம். என் தாய்வழிப் பாட்டனார் தொடக்கத்தில் பருத்தி நெய்தவர், என் தாயாரின் திருமணத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பட்டுக்கு மாறினார் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அப்போது எனக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. வரலாற்றையும் இலக்கியத்தையும் பிறருக்குக் கற்பிக்கும் தொழிலில் இருந்தேன்.

அவர் சொன்னவற்றை நான் எழுதிவைக்கவில்லை. பாவின் இழைகள் கலையாதிருக்க இடையிடையே செருகும் குச்சிகளுக்கு அவர் ஒரு பெயர் சொன்னார். ஊர் திரும்புவதற்குள் அச்சொல் நினைவிலிருந்து நழுவிவிட்டது. வீட்டில்தானே இருக்கிறார், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன.

அருங்காட்சியகத்திற்குக் குடும்பத்தோடு செல்ல வேண்டும், அதுவும் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரோடு செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பேழைக்குள் பொருள் இருக்கிறது. அதன் பெயரும் புழக்கமும் முதியவரிடம் இருக்கின்றன. அந்தப் பேழையின் முன் அவரை நிறுத்தாமல் இருந்திருந்தால், வீட்டுத் திண்ணையில் எத்தனை முறை கேட்டிருந்தாலும் என் தாயார் பாவாற்றியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். தம் வாழ்வில் சொல்லத்தக்கது ஏதும் இருப்பதாக அவர் கருதியதே இல்லை. தம் வீட்டுக் கருவியைக் கண்ணாடிக்குள் கண்டபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் மாறியது.

பள்ளிச் சுற்றுலாவும் குடும்பப் பயணமும்

முப்பது ஆண்டுகளாக மாணவர்களை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்தப் பயணங்களைக் குறைத்துச் சொல்வது எனக்கே எதிராகச் சாட்சி சொல்வது போன்றது. ஆயினும் உண்மை இது: அறுபது மாணவர், இரண்டு ஆசிரியர், ஒரு பேருந்து, ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கில் பார்வைக்கு நேரமில்லை, எண்ணிக்கை சரிபார்க்கத்தான் நேரம் இருக்கிறது. வரிசையில் நகரும் மாணவர் தாம் விரும்பும் பொருளின் முன் நிற்க முடியாது. பின்னால் வருபவர் தள்ளுவார். முன்னால் செல்லும் ஆசிரியர் அழைப்பார். திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்வோம். கட்டுரைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

குடும்பத்தோடு செல்லும்போது ஒரே பொருளின் முன் அரைமணி நேரம் நிற்கலாம். நான்கு கூடங்களைப் பார்க்காமலே திரும்பலாம். இதற்கு மறுப்பும் உண்டு. தறியில் அமர்பவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி. பத்து நாளில் முடிய வேண்டிய சேலை பதினோராம் நாளுக்குத் தள்ளிப்போகும். இதை அறிந்தே சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் போதும். பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைவெளியில் எந்தத் தறியும் ஓய்ந்துதான் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால் சென்னை எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் உள்ளது. வெள்ளிக்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. காஞ்சிபுரத்திலும் ஒன்று உண்டு. ஏழு கடல் தாண்டிப் போகச் சொல்லவில்லை.

நெசவாளர் பார்த்த கணக்கு

‘சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள்’ என்று ஆய்வாளர் குறிக்கும் ஏடுகள் உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில், 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிடப்பட்டவை. அவை இருப்பது சென்னையில்; அவை பேசுவது காஞ்சிபுரத்தைப் பற்றி. அன்று அதன் பெயர் கச்சிப்பேடு. அங்குள்ள ஊரகம் கோயிலுக்கு, அதாவது இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் வழிபடும் இடத்திற்கு, மன்னன் செய்த ஏற்பாடுகளை அவை விரிவாகக் கூறுகின்றன. பண்டங்களை நிறுப்பதற்கும் அளப்பதற்கும் பெறப்படும் கோல்நிறை கூலி, கால்அளவு கூலி ஆகியவை கோயிலுக்குச் சேர வேண்டும். கோயிலின் பொன் ஊராரிடம் முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டியால் வழிபாட்டுச் செலவு நடக்க வேண்டும். இவற்றையெல்லாம் மேற்பார்ப்பது யார்? நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் கோயிற் பொறுப்புகள் ஒப்படைக்கப்படுகின்றன. (சேரி என்பது அக்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைக் குறித்த பொதுச்சொல்.)

நெய்பவர் கணக்கும் பார்த்தார். கோயிலின் பொன்னுக்குப் பொறுப்பாகவும் இருந்தார். இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர், “எங்க வீட்டுக் கணக்கையே முதலாளிதான் சார் எழுதுறார்” என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலிச்சீட்டில் எழுதியிருப்பதைத் திருப்பிக் கேட்கத் தயங்கும் ஒரு தந்தைக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் தொழிலைச் செய்தவர்கள் நகரக் கோயிலின் வரவுசெலவைப் பார்த்தார்கள் என்பது தெரிய வேண்டாமா? அதைச் சொல்லும் பொறுப்பு அந்த மாணவருக்கு உண்டு என்பது என் கருத்து. தந்தை பாவாற்றியைச் சொல்லட்டும். மகன் செப்பேட்டைச் சொல்லட்டும்.

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறும் இவை, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் தகுதியற்றவராக விலக்குகின்றன.

நினைவும் சான்றும்

முதியோர் சொல்வதெல்லாம் வரலாறு ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்கள் பலவற்றில், தங்கள் முன்னோர் கிருட்டிணதேவராயர் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று சொல்வதுண்டு. வேறு சிலர் தங்களை மார்க்கண்டேய முனிவரின் வழிவந்தோர் என்பர். சுற்றுலாக் கையேடுகள் முதல் கூற்றை எடுத்துக்கொண்டு, காஞ்சியில் நெசவே 16ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது போல எழுதிவிடுகின்றன. 10ஆம் நூற்றாண்டுச் செப்பேடு அதை மறுக்கிறது. அப்படியானால் குடும்ப நினைவு பொய்யா? அதுவும் இல்லை. ஏற்கெனவே நெசவு நிலைபெற்றிருந்த நகருக்குப் பிற்காலத்தில் வேறு நெசவாளரும் வந்து சேர்ந்திருக்கலாம். தொழில் நடக்கும் இடத்தைத் தேடித்தான் தொழில் அறிந்தவர் வருவர். வீட்டில் கேட்ட கதை ஒன்று, ஏட்டில் கண்ட செய்தி ஒன்று. இரண்டும் மோதும் இடத்தில்தான் நம் சிந்தனை தொடங்குகிறது. அந்த மோதல் நிகழ வேண்டுமானால் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

காஞ்சிப் பட்டே இதற்கு நல்ல பாடம். இவ்வூரின் பெயரால் 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இச்சேலைக்கு வேண்டிய பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை குசராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரம் தருவது கைத்திறனை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்க, இரண்டும் பிரியாதபடி ஊடையைக் கோத்து நெய்யும் கோர்வை முறைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; நெய்பவரோடு துணைக்கு இன்னொருவரும் அமர வேண்டும். பல வீடுகளில் அந்தத் துணையாள் மனைவி அல்லது மகன். ‘காஞ்சிப் பட்டு நெய்தவர்’ என்று ஒருவர் பெயரைச் சொல்லும்போது அந்த இரண்டாவது ஆளின் பெயர் விடுபட்டுப்போகிறது. எந்தப் பெயர்ப்பலகையிலும் நான் அதைக் கண்டதில்லை. உங்கள் பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

ஊரை விட்டுப் போனவை

அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கோ ஓரிடத்தில் இல்லாமல் போன பொருள். காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் இருந்த ஆளுயரத்தை மிஞ்சிய புத்தர் சிலையைப் பற்றித் து. அ. கோபிநாதராவ் 1915ஆம் ஆண்டு எழுதினார். அச்சிலை பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலிலும் காஞ்சியின் புத்த உருவங்கள் பற்றிய செய்திகளைக் காணலாம். மணிமேகலை இறுதியில் வந்து சேரும் நகரம் காஞ்சி. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதிய நகரமும் இதுவே. இன்று கோயில் நகரம் என்று மட்டும் நம் ஊரை அறிமுகப்படுத்துகிறோம். எழும்பூரில் அந்தச் சிலையைக் கண்டு திரும்பும் குடும்பம் அவ்வாறு ஒரே சொல்லில் அறிமுகப்படுத்தத் தயங்கும். ஊருக்கு அருகிலேயே திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இருக்கிறது. அதன் மேற்கூரையில் தீர்த்தங்கரர் வாழ்க்கையைக் கூறும் ஓவியங்கள் இருக்கின்றன. நெசவு நகரின் ஓரத்தில் பருத்தியின் பெயரைத் தாங்கிய ஊர் அது என்பதையும் கவனியுங்கள்.

இன்னும் தொலைவாகப் போனவையும் உண்டு. காஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்த, 10ஆம் நூற்றாண்டு யோகினிச் சிற்பங்கள் பலவற்றை 1920களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டெடுத்தார். அவை கலைப்பொருள் வணிகர் வழியாகக் கடல் கடந்தன. இன்று ஒருத்தி இலண்டனிலும் ஒருத்தி பாரிசிலும் சிலர் வட அமெரிக்க நகரங்களிலும் அமர்ந்திருக்கிறார்கள். சென்னையிலும் சிலர் உண்டு. ஒரே கோயிலில் வட்டமாக அமர்ந்திருக்க வேண்டிய தோழியர். அக்கோயில் இன்று இல்லை. அச்சிற்பங்கள் சென்றது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. கேட்பாரற்றுக் கிடந்த பொருள்தான் விலைபோகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இன்று ஏற்றுமதியைத் தடுக்கிறது. பரணில் கிடக்கும் பாவாற்றிக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை. அது விறகாகப் போனால் கேட்பவர் யாருமில்லை.

சுவரே கூடம்

கூரையும் கண்ணாடியும் இருந்தால்தான் அருங்காட்சியகம் என்பதில்லை. காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்பத்தொடராக இருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் மக்கட்பேறின்றி இறந்தபின், ஊர்ப் பெரியோர் தொலைநாட்டிலிருந்த இரணியவர்மனிடம் சென்று, அரசாள ஒரு மகனைத் தருமாறு வேண்டினர். மூத்தவர் மூவரும் தயங்கினர். பன்னிரண்டு வயதான இளையவன் வருகிறேன் என்றான். அவனே இரண்டாம் நந்திவர்மன். இக்கோயிலைக் கட்டியவனும் அவனே. இக்காட்சிகளின் கீழே விளக்கமும் பொறித்திருக்கிறார்கள். பொருளுக்குக் கீழே பெயர் எழுதி வைக்கும் வழக்கம் நமக்கு 8ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்று நான் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான இவர் இளமையிலேயே மறைந்தார். வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் குறித்த அவரது நூல், அவர் மறைவுக்குப்பின் 1941ஆம் ஆண்டு தொல்லியல் துறையால் வெளியிடப்பட்டது. நாள்தோறும் அக்கோயில் வழியே நடந்துபோகும் நம்முள் எத்தனை பேர் அச்சுவரின் முன் நின்றிருக்கிறோம்?

அறிஞர் அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்து முதலமைச்சரான ஒருவரின் வீடு எவ்வளவு சிறியது என்பதை உங்கள் தம்பி தங்கையர் பார்க்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே செல்லும்போது தறியில் அமர்ந்த கை ஒன்றை உடன் அழைத்துச் செல்லுங்கள். எது சரி, எது மாறியிருக்கிறது, எது தம் வீட்டில் வேறு மாதிரி இருந்தது என்று அவர் சொல்வதுதான் அந்தப் பயணத்தின் பயன். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலும் சரியே. ஆனால் பொருளின் பெயர், அதைச் சொன்னவர் பெயர், நாள் ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

காலம் குறுகியது

இவ்வளவு அவசரம் ஏன் என்று தோன்றலாம். முன்பு சேலையின் உருக்களை நூல்களாகவே கட்டிவைத்து, ஒருவர் இழைகளைத் தூக்கித்தர நெய்யும் ‘அடை’ முறை காஞ்சியில் இருந்தது. பிறகு துளையிட்ட அட்டைகள் கொண்ட சக்கார்டு வந்தது. இப்போது உருக்களைக் கணினி வரைகிறது. முன்னேற்றத்தை நான் பழிக்கவில்லை. ஒரு சிறுவன் நாள் முழுவதும் இழை தூக்கிக்கொண்டிருந்த காலம் போனது நல்லதே. அவன் பள்ளிக்கு வந்தான். ஆனால் அடை கட்டத் தெரிந்தவர் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்தம் பிள்ளைகள் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் பேருந்துக்காக விடியற்காலையில் தெருமுனையில் நிற்கிறார்கள். அதே விடியற்காலை, அதே தெரு. அங்கேதான் பாவு நீட்டினார்கள்.

சென்ற ஆண்டு அந்தக் குச்சிகளின் பெயரைத் தேடிப் பிள்ளையார்பாளையத்தில் சில வீடுகளுக்குச் சென்றேன். முதல் வீட்டுப் பெரியவர் ஒரு சொல்லைச் சொன்னார். இரண்டு வீடு தள்ளியிருந்த அம்மையார் அது பட்டுக்குச் சொல்வது, பருத்திப் பாவுக்கு வேறு பெயர் என்று சொல்லி இன்னொரு சொல்லைத் தந்தார். இரண்டையும், சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதிவைத்திருக்கிறேன். என் தாயார் சொன்னது இவற்றுள் எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாகவும் ஒன்று இருக்கலாம்.